தொப்பை ஜன்னலும் காணாமல் போன ஒரு இஞ்சும்

இன்று காலை வீட்டுக்கு ஜன்னல் அளவெடுக்க ஆள் வந்தார்...

அவர் போய் மூன்று மணி நேரம் ஆகிறது. எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை!

(ஜன்னல் அளவெடுத்ததற்கு யாராவது பிபி மாத்திரை போடுவார்களா? நான் போட்டேன்.)

காரணம் புரிய எண்பதுகளுக்குப் போக வேண்டும்.

செஞ்சியில் எங்கள் வீட்டு ஜன்னல் தெருப்பக்கம் மூன்று முகமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். வீட்டை முதலில் கட்டியவர் பாண்டிச்சேரியில் பார்த்துவிட்டு வந்து ஆசைப்பட்டு வைத்தாராம். தெருவில் அதற்குப் பெயர் தொப்பை ஜன்னல்!

அந்த வருஷம் கரையான் அரித்து அது ஆட ஆரம்பித்தது. ஐப்பசி மழை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அதே சமயம் சிங்கவரத்தில் என் மனைவி சரசுவின் பிறந்த வீட்டை இடித்தார்கள். மாமியார் காலமாகிவிட்டார், அண்ணன்கள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். சரசு கேட்டது வாசக்காலை மட்டும். அவள் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்த தேக்கு.

அதை அறுத்து ஜன்னல் சட்டம் செய்வதாக முடிவானது.

"எங்கம்மா ஊட்டு வாசக்காலுங்க. ஆசாரிய பாத்து வெட்டச் சொல்லுங்க. தப்பா வெட்டிட்டா இன்னொண்ணு எங்க கெடைக்கும்?"

"நான் இருக்கறேன் இல்ல, கவலப்படாத" என்றேன். (நான் இருந்ததுதான் பிரச்சினை!)

சரசு ஜாக்கெட் தைப்பாள். அவளுடைய இஞ்ச் டேப்பை எடுத்து மூன்று முகத்தையும் இரண்டிரண்டு தடவை அளந்தேன். சீட்டில் எழுதி, மரத்தோடு பக்கத்து ஊரான அனந்தபுரத்து ஆசாரியிடம் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் திரைத்துணி அளக்க அதே டேப்பை விரித்தேன்.

முதல் எண் 2!

1 எங்கே? முனை பிய்ந்துபோய் முதல் இஞ்சே இல்லை! சரசு தைக்கும்போது மனக்கணக்காக ஒன்றைக் கழித்துக்கொள்வாள் போலிருக்கிறது. நான் எழுதியதெல்லாம் ஒரு இஞ்ச் அதிகம்!

அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அனந்தபுரத்துக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் காதில் ரம்பச் சத்தம்தான்.

ஆசாரி இல்லை. அவர் மனைவிதான் இருந்தார்.

"அவரு எழவு ஊட்டுக்குப் போயிருக்கறாரு. மரத்துல இன்னும் கையே வைக்கலீங்க."

அப்பாடா! எல்லா அளவிலும் ஒரு இஞ்ச் குறைத்துப் புதுச் சீட்டு எழுதி வைத்தேன். பழைய சீட்டைக் கிழித்து வழியில் போட்டேன். (ஆதாரத்தை அழித்தாகிவிட்டது!)

பத்து நாள் கழித்து ஜன்னல் வந்தது. தூக்கி நிறுத்தினால், சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல் போகிற சந்து. மூன்று முகத்திலும்!

"இன்னா ஆசாரி இது?"

"நீங்க எழுதன அளவுதான் சார். அப்பறம் ஊட்டம்மா பஸ் கண்டக்டர்கிட்ட சொல்லி அனுப்பனாங்களே, எல்லாத்துலயும் ஒரு இஞ்ச் கொறச்சிக்கன்னு. கொறச்சிட்டன்."

திரும்பிப் பார்த்தேன். சரசு முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க என் டேப்புல அளந்தீங்கன்னு அப்பறந்தான் தெரிஞ்சிது. சொன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு..."

"அய்யோ சரசு, நான் முன்னாடியே போயி மாத்தி எழுதிட்டு வந்துட்டேன்!"

ஆசாரி உளியைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேரும் சும்மா இருந்திருந்தா, கூட இருக்கறத நானே எழைச்சி உட்டிருப்பன். இப்ப மரத்த இழுத்தா உட முடியும்?"

சரசு சட்டத்தைத் தடவிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நல்லவேளை, ஆசாரி வெட்டிய துண்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தார். அதே தேக்கில் பட்டை பட்டையாகச் சீவி எல்லாச் சந்துகளையும் அடைத்தார். அந்த மழைக்கு ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

ஜன்னல் வைத்த மூன்றாம் நாள்தான் சரசு வாய் திறந்தாள். "இனிமே இந்த மரத்துல உளி படக்கூடாதுங்க."

சத்தியம் செய்து கொடுத்தேன்.

இப்போது மகன் அதே ஜன்னலுக்குக் கண்ணாடிக் கதவு போடச் சொல்கிறான். சட்டம் அப்படியே இருக்கும், கதவுகள் மட்டும் மாறும். காலையில் வந்தவர் ஏதோ சிவப்பு விளக்கை அடித்தே அளந்துவிட்டார்.

"இன்னா சார், சட்டத்த சுத்தி இவ்ளோ பட்டை? யாரு அளவெடுத்தது?"

நான் கூரையைப் பார்த்தேன். சரசு தரையைப் பார்த்தாள்.

"சரி, கதவு கொஞ்சம் பெருசா வந்தாலும் டென்ஷன் ஆவாதீங்க. மரத்த லேசா சீவிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சீவுவதா!

அவர் தலை மறைந்ததும் ஸ்டீல் டேப்பை எடுத்தேன். (முனையை மூன்று தடவை சரிபார்த்தேன்!) நடு முகம் அவர் சீட்டில் எழுதிக் கொடுத்துப் போனதைவிடக் கால் இஞ்ச் குறைவாக வருகிறது!

போனை எடுத்தேன். எதிரில் சரசு. அவள் கையிலும் போன்.

"அவருக்குப் போன் பண்ணிட்டீங்களா?"

"இல்ல. நீ?"

"நானும் பண்ணல."

அப்போதிலிருந்து இருவரும் சோபாவில் உட்கார்ந்திருக்கிறோம். நான் இதை டைப் செய்வதை, அவருக்குத்தான் மெசேஜ் அனுப்புகிறேனோ என்று எட்டி எட்டிப் பார்க்கிறாள்.

நாளைக் காலை ஆர்டர் போட்டுவிடுவார். யாராவது ஒருவர் பேசியாக வேண்டும். ஒருவர் மட்டும்!

யார் பேசட்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்!