காய்ந்துபோன குங்கிலிய விதை

என் மேசை இழுப்பறையில் ஒரு விதை கிடக்கிறது. கோழிமுட்டை அளவு, மண் நிறம். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும். எங்கள் பக்கம் விதைக்கடலை நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதும் இப்படிக் குலுக்கித்தான். அந்தச் சத்தம் கேட்டதும் இழுப்பறையை மூடிவிடுவேன்.

அரியலூர் பக்கம் ஒரு நாற்றங்காலுக்கு நான் பொறுப்பாக இருந்த காலம். வெள்ளைக் குங்கிலியம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டு மரம், அழிந்துகொண்டிருக்கும் இனம். ஒரு பள்ளத்தாக்கில் மிஞ்சி நின்ற ஒற்றைத் தாய்மரத்தடியில் பொறுக்கிய நாற்பது விதைகளை அங்குள்ள வனத்துறையினர் ஈரச்சாக்கில் சுற்றி எங்களுக்கு அனுப்பினார்கள். சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதியிலா இது வரும் என்று சிரித்தவர்களிடம், நிழல்வலைக்குள் வளர்த்துக் காட்டுகிறேன் என்று மார்தட்டினேன். விதையோடு ஒரு கடிதமும் வந்தது. ஈரம் காயக்கூடாது, காய்ந்தால் விதை செத்துவிடும் என்று எழுதியிருந்தது. படித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெரம்பலூர்க் கூட்டத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

நாற்றங்காலில் தினக்கூலிக்கு வேலை பார்த்தவர் செந்துறை அக்கா. மானாவாரிக் காட்டில் பிறந்து வளர்ந்தவர். விதை என்றால் காயவைத்து எடுத்து வைப்பதுதான் அவருக்குத் தெரியும். மூன்றாம் நாள் நான் திரும்பியபோது, நாற்பதும் சாம்பல் பூசிக்கொண்டு முறத்தில் வெயில் காய்ந்தன.

“சாக்கு நசநசன்னு கெடந்துச்சு சார், பூஞ்சணம் புடிச்சிருக்கும். நல்லவேள நான் பாத்தேன். கேளுங்க, எப்புடி ஆடுதுன்னு!” என்று ஒன்றை என் காதருகே குலுக்கினார். அந்த முகத்தில் அவ்வளவு பெருமை.

அவர் குலுக்கிக் காட்டிய அந்த ஒன்று என்னிடமே தங்கிவிட்டது. மற்றவற்றை ஊன்றியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. மேலிடம் விளக்கம் கேட்டது. ‘பணியாளர் அறியாமல் உலர்த்திவிட்டார்’ என்று எழுதினேன். கடிதம் என் பையில் இருந்ததை எழுதவில்லை. அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். “ஒரு மரத்தோட வம்சத்தையே கருக்கிட்டேனே சார்” என்று அழுதுகொண்டே தூக்குவாளியை எடுத்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது எனக்கு? பயம்தான், வேறென்ன.

அடுத்த மழையில் அந்தத் தாய்மரமும் சாய்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

போன மாதம் அந்த விதையையும் எடுத்துக்கொண்டு செந்துறைக்குப் போனேன். அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது. “வாங்க சார், ஒக்காருங்க” என்று தண்ணீர் கொடுத்தார். விதையைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். “அத நான் தொடமாட்டேன் சார். அன்னையிலேர்ந்து வூட்டுலயும் வெதைய எடுத்து வைக்கிறதில்ல. மருமவதான் பாக்குது.”

எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் என் பையில் இருந்ததையும் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா, ஈரத்துணியில சுத்தி மடியிலயே கட்டி வச்சிருப்பேனே சார்.”

விதையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அரியலூர் வரும்வரை பஸ் குலுங்கும்போதெல்லாம் அது ஆடிக்கொண்டே வந்தது.