அவளையும் கேட்டோம்

வீட்டுக்கு ஒரு செல்போன் இருந்த காலம். அதில் கூப்பிட்டே சொந்தபந்தத்தை எங்கள் பல்லாவரம் வீட்டில் கூட்டிவிட்டேன். மகளுக்குப் பதினெட்டு வயது. கேக் வெட்டுவது ஒரு சாக்குதான். எங்கள் காலத்துக்குப் பிறகு அவளுக்கு யார் காப்பாளர் என்பதை நானும் என் கணவரும் அன்றே முடிவு செய்துவிட நினைத்தோம்.

அவளுக்கு நடக்க வராது, பேச வராது, ஒரு காதும் மந்தம். பதில் வர நேரமாகும், ஆனால் வரும். ‘ஆமாம்’ என்றால் கண்ணை மேலே உயர்த்துவாள். ‘வேண்டாம்’ என்றால் இறுக மூடிக்கொள்வாள். அதைப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள்தான், “பாவம், அதுக்கு என்ன தெரியும்?” என்பார்கள். அவர்களுக்கு எங்கள் வீட்டில் இரண்டாவது காபி கிடையாது.

என் அண்ணன்தான் காப்பாளர் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். தாய்மாமன் இருக்கும்போது வேறு யார்? அண்ணனும் தங்கமான மனுஷன். வரும்போதெல்லாம் அவளுக்கு ரசகுல்லா வாங்கி வந்து, கேட்காமலே ஊட்டிவிடுவார்.

“அவளைக் கேட்டியாக்கா?” என்றாள் டீச்சரான என் தங்கை.

அண்ணன் சிரித்துக்கொண்டே மகள் முன்னால் உட்கார்ந்தார். “மாமா உன்னைப் பார்த்துக்கட்டுமாடா கண்ணு?”

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மறுபடி கேட்டார். இன்னும் இறுக மூடினாள்.

அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. உள்ளுக்குள்ளோ பெருமை தாங்கவில்லை. வீடு நிறைய பெரியவர்கள் தலையாட்டியதை என் பெண் ஒற்றை ஆளாக மறுத்துவிட்டாள்!

“அப்ப யாரு?” என்றேன். மெதுவாகத் தலையைத் திருப்பி என் தங்கையைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவது தங்கைதான். ஒருமுறை நானும் கூடப் போனேன். கைக்கொரு ஹேர் கிளிப்பாகப் பிடித்துக்கொண்டு, எது வேண்டும் என்று மகளிடம் கேட்டுவிட்டு நின்றாள். “இன்னாக்கா, அதுக்கு இன்னா தெரியும்? நீயே எடுத்துகினு போ” என்றார் கடைக்காரர். “தலை அவளுதுண்ணா” என்று சொல்லிவிட்டு, பதில் வரும்வரை தங்கை நகரவேயில்லை.

இப்போதும் தங்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளின் கேட்கும் காதின் பக்கம் குனிந்தாள். “சித்தி பார்த்துக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். நாங்களும் காத்திருந்தோம். மகளின் கண்கள் மெல்ல மேலே போயின.

அண்ணன் ரசகுல்லா டப்பாவைத் திறந்து ஸ்பூனில் ஒன்றை எடுத்தார். பாதி வழியில் கை நின்றது. “வேணுமாடா?” என்று கேட்டார்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்து, அதைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். நான் எல்லோருக்கும் இரண்டாவது காபி போட்டேன். முதல் டம்ளர் அண்ணனுக்கு.