எந்த ஓட்டல் சர்வர்?

எங்கள் வீட்டில் சமைக்கும் அக்காவுக்கும் எனக்கும் பதினோரு வருடப் பழக்கம். நான் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். காலையில் நான் கிளம்பும் முன் சமைத்து முடித்து, சாப்பிட்டேனா என்று பார்த்துவிட்டுத்தான் போவார். தட்டில் மிச்சம் வைத்தால் திட்டு விழும். கல்லூரியில் எல்லோரும் என் வாய்க்குப் பயப்படுவார்கள். நான் அவர் வாய்க்குப் பயப்படுவேன்.

போன வருடம் எங்கள் அடுக்ககத்து வாசலில், முகத்தைப் பார்த்துக் கதவு திறக்கும் மெஷினை வைத்தார்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், டிரைவர்கள் எல்லோரும் முகத்தைப் பதியவேண்டும். குடியிருப்பவர்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அடுக்ககச் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ கேட்டார். பொங்கலுக்கு நான் வாங்கிக் கொடுத்த புடவையில் அக்கா சிரிக்கும் படம் என் போனில் இருந்தது. “எங்க அக்காதான், ஓகே” என்று எழுதி அனுப்பிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை அக்கா மிரண்டுபோய் மேலே வந்தார். “ஏனுங்க அம்மணி, போய் நின்னதும் கதவு திறக்குதுங்க. அதுக்கு என்னை எப்படித் தெரியும்?”

“நான்தான் உங்க போட்டோவைக் கொடுத்தேன்க்கா.”

“இப்ப அது எங்கீங்க இருக்குது?”

“சர்வர்ல இருக்கும்.”

“எந்த ஓட்டல் சர்வருங்க?”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடி தாங்காமல் புருஷனை விட்டு ஓடிவந்தவர் என்று எனக்குத் தெரியும். மிச்சத்தை அன்றைக்குத்தான் சொன்னார். “அவன் இப்ப வாட்ச்மேனுங்க. நம்ம கேட்ல நிக்கறவங்க போட்டிருக்கற இதே சட்டையப் போட்டுட்டு நின்னான்னு என்ற தங்கச்சி பாத்துச் சொன்னா. நான் எந்த ஊட்டுக்கு எத்தன மணிக்கு வாரேன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோகுமுங்களா?”

கீழே ஓடினேன். காவலாளி தன் போனைக் காட்டினார். அக்காவின் சிரிப்பு, என் வீட்டு எண், உள்ளே வந்த நேரம் மூன்றும் அதில் இருந்தன. காவலாளிகளை அனுப்பும் ஏஜென்சியின் ஆட்கள் எல்லோருடைய போனிலும் இது தெரியுமா என்று கேட்டேன். “தெரியும், யாராவது கேட்டா எடுத்துக் காட்டுவாங்க மேடம்” என்றார்.

செயலாளர் வீட்டு வாசலில் நின்று கத்தினேன். ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவர் முகத்தை எப்படி எடுக்கலாம், சட்டம் தெரியாதா, முதலில் உங்கள் முகத்தைக் கொடுங்கள் பார்க்கலாம் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் கோபப்படவேயில்லை. போனை எடுத்து என் பக்கம் திருப்பினார்.

“சம்மதம் நீங்களே கொடுத்திருக்கீங்களே மேடம்.”

எங்க அக்காதான், ஓகே.

பதினோரு வருடத்தில் அவரை நான் ‘எங்க அக்கா’ என்று பாசமாகத்தான் சொல்லிவந்தேன். அவரை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அந்தப் பாசத்தை நினைத்து அன்று கூசிப்போனேன்.

படத்தை அழித்துவிட்டதாகச் சாயங்காலம் தகவல் வந்தது. அக்கா வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

“அழிச்சத நீங்க பாத்தீங்களா அம்மணி?”

பார்க்கவில்லை. அவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“அப்ப நான் நாளைலருந்து வரலீங்க” என்றார். என்மேல் வருத்தமில்லை என்று இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறைதான் நான் அழுதேன்.

இப்போது அவர் வேறு ஊரில் இருக்கிறார். மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறேன். இதையெல்லாம் எழுதட்டுமா என்று போன வாரம் கேட்டேன்.

“எழுதிக்குங்க. நான் இப்ப இருக்கற ஊர் பேரு மட்டும் வேண்டாமுங்க.”

அதை எழுதவில்லை.