கையில் போட வேண்டிய ஊசி

என் தம்பி பஸ் டிரைவர். ஊரையெல்லாம் சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பவன், நாற்பது தாண்டியும் தான் மட்டும் எங்கும் போய்ச் சேரவில்லை. பெண் பார்க்கலாமா என்றால், டூட்டிக்கு நேரமாச்சு என்பான். அப்படிப்பட்டவன் கடைசியில் டிப்போ வாசலில் யூனிஃபார்ம் தைக்கிற பெண்ணிடம் விழுந்தான். வருஷா வருஷம் இவன் வயிறு பெருக்கும். அவள் இவன் சட்டைத் தையலைப் பிரித்து விடுவாள். "இனிமே பிரிச்சு விட இதுல துணி இல்லைங்க" என்று அவள் சொன்னதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எனக்கு அப்போதே பொறி தட்டியது.

அவள் எதையும் மூடி மறைக்கிறவள் இல்லை. தன் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறது, கட்டிக்கொள்கிறவருக்கும் தொற்றலாம், தடுப்பூசி போட்டு அவர் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்தால்தான் கல்யாணப் பேச்சு என்று என்னிடமே சொல்லிவிட்டாள். டம்ளரில் எல்லாம் தொற்றாது என்று டாக்டர் சொன்ன பிறகும், எங்கள் வீட்டுக்கு வந்தால் தன் டம்ளரைப் பையிலிருந்து எடுத்துத்தான் டீ குடிப்பாள். அவளுடைய அண்ணன் வீட்டில் அவளைத் தள்ளி வைத்துப் பழக்கிய பழக்கம். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

தம்பி மூன்று ஊசியும் போட்டுக்கொண்டான். ரத்தத்தைச் சோதித்தால் எதிர்ப்புச் சக்தி துளிகூட இல்லை.

"அவரை வேற இடம் பாக்கச் சொல்லுங்கக்கா" என்று சொல்லிவிட்டு அவள் தலை நிமிராமல் துணி வெட்டினாள்.

தம்பி அன்று சாப்பிடவே இல்லை. நான் சும்மா விடுவேனா? மறுநாளே அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஊசி எங்க போட்டாங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

தம்பி தரையைப் பார்த்தான். "இடுப்புக்குக் கீழ, மேடம். கையில போட்டா ஸ்டியரிங் பிடிக்க வலிக்கும்னு நான்தான் கேட்டு வாங்கினேன்."

"உக்காந்தே பொழைக்கிறவன் உக்கார்ற இடத்துல போட்டுட்டு வந்திருக்கான் பாருங்க" என்றேன். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அங்க கொழுப்பு அதிகம். மருந்து சதைக்குள்ள போகலைன்னா உடம்பு அதைச் சரியா கண்டுக்காது. தோள்பட்டையில போடணும். அதோட சிகரெட்டு, எடை, வயசு எல்லாமே பலனைக் குறைக்கும். தூக்கமும் ஒழுங்கா இருக்கணும். எல்லாம் சரியா இருந்தும் சில பேருக்கு வராது, அது பிறவியிலயே வர்றது. வயசையும் பிறவியையும் மாத்த முடியாது. மத்தத மாத்திட்டு, முதல்லேர்ந்து மூணு ஊசியும் போடுவோம். ஆனா உறுதியெல்லாம் தர மாட்டேன்."

அந்த உறுதியில்லாத பேச்சை நம்பி அவன் பட்ட பாடு இருக்கிறதே! ராத்திரி டூட்டியைப் பகலுக்கு மாற்றிக் கேட்டு வாங்கினான். பஸ் ஓட்டுகிறவன் டிப்போவுக்கு நடந்தே போனான். கண்டக்டர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. ஒரு நாள் மொட்டை மாடியில் புகை வாசனை வந்தது. பாக்கெட்டைப் பிடுங்கித் தண்ணீர் வாளியில் போட்டேன்.

"உனக்கு இது வேணுமா, அவ வேணுமாடா?"

"அவதான்க்கா" என்றான், அழாத குறையாக. அதோடு விட்டான்.

இந்த முறை ஊசி தோளில். மறுநாள் முனகிக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினான். இதற்குள் சட்டைகள் தொளதொளத்துப் போயின. பிடித்துத் தரச் சொல்லி அவள் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பான். அவள் கல்யாணப் பேச்சை எடுக்காமல் சாக்பீஸால் கோடு போட்டுத் தைத்துத் தருவாள். ஆசைப்பட அவளுக்குப் பயம்.

கடைசி ஊசிக்குப் பிறகு மறுபடி சோதனை. எதிர்ப்புச் சக்தியின் அளவு பத்துக்கு மேல் இருந்தால் போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வந்தது அறுநூறு. ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பாராமல் நான் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நேராகத் தையல் கடைக்குப் போனோம். பக்கத்துக் கடை டீயைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி வாசலிலேயே நின்றான். நான்தான் சொன்னேன். அவள் மிஷினை நிறுத்தி, ரிப்போர்ட்டை வாங்கி ரெண்டு தடவை படித்தாள். பிறகு எழுந்து வந்து, அவன் குடித்துக்கொண்டிருந்த டம்ளரை வாங்கி மீதி டீயைக் குடித்தாள்.

"நேரா நில்லுங்க" என்றாள், அளவு டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. "கல்யாணச் சட்டைக்கு அளவெடுக்கணும்."