லிஃப்ட்காரர் தலையில் பழக்கிய பிரஷ்

தலையில் ஒரு முடிகூட இல்லாத மனிதருக்கும் ஷேவிங் பிரஷ்ஷுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், லிஃப்ட்காரர் வீட்டுப் பின்பக்க பால்கனியைக் காலை ஆறரை மணிக்குப் பார்த்ததில்லை. நாம் தாராளமாகப் பார்க்கலாம், அவருக்கு அதில் கூச்சம் எதுவும் கிடையாது. ஒரு கால் சற்றே குட்டையான பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் கழுத்தைச் சுற்றித் துண்டும் மடியில் செய்தித்தாளுமாக அவர். பின்னால் எனாமல் கிண்ணமும் கையுமாக அவர் மனைவி. கிண்ணத்து சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் அள்ளி, அந்த வழுக்கைத் தலையில் வட்டம் வட்டமாகச் சுற்றுவாள். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். முடி வளர ஏதோ வைத்தியம் நடக்கிறது என்று மேல்வீட்டுக்காரர் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாகியும் ஒரு முடி முளைக்கவில்லையே என்று அவருக்குப் பாவமாகக்கூட இருந்தது.

நடந்தது பிரஷ் பழக்கும் வேலை. புதுப் பன்றிமுடி பிரஷ் லேசுப்பட்ட ஆசாமி இல்லை. முதல் நாள் கன்னத்தில் வைத்தால் துடைப்பத்தால் முகம் கழுவியது போலிருக்கும். நனைந்தால் ஒரு வாடை வேறு வரும். பதினைந்து இருபது நாள் விடாமல் நுரையில் புழங்கிய பிறகுதான் ஒவ்வொரு முடியின் முனையும் பிளந்து, பிரஷ் மெத்தென்று ஆகி, வாடையும் போகும். அதுவரை பொறுக்க யாருக்கு மனசு இருக்கிறது? ஆகவே லிஃப்ட்காரரின் மனைவி, ஒரே சமயத்தில் மூன்று பிரஷ்களை முறை வைத்து வீட்டிலேயே பழக்கி, கழுவி, இரண்டு நாள் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தி, ‘பழக்கியது’ என்று சீட்டுக் கட்டித் தன் கடையில் விற்றாள். சாவி செய்பவருக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் இருந்தது கடை. ஒருவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் உள்ளே போகலாம், அவ்வளவுதான் அகலம். வருகிறவர்கள் அவளைப் பிரஷ்ஷம்மா என்பார்கள்.

“எதுலங்க பழக்குறீங்க?” என்று யாராவது கேட்டால், “நம்பிக்கையான இடத்துல” என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

இது ஆரம்பித்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அப்போது லிஃப்ட்காரருக்கு வயது முப்பத்திரண்டு. அதற்கு நாலு வருடம் முன்புதான் அவருடைய முடி சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியது. இரண்டே வருடத்தில் சுத்தம். சீப்பை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஒரு கம்பளித் தொப்பி வாங்கினார். வெயிலிலும் தொப்பி, வீட்டுக்குள்ளும் தொப்பி, படுக்கையிலும் தொப்பி. அவருடைய சொந்தத் தங்கையின் கல்யாணப் படத்தில், கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் தொப்பியின் நுனி மட்டும் தெரியும். அதுதான் பெண்ணின் அண்ணன்.

அந்த நாட்களில் ஒரு காலையில் அவள் கையில் பிரஷ்ஷோடு வந்து நின்றாள். கடை திறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

“என்னங்க, ஒரு ஒத்தாசை செய்யணும். விக்கிற பிரஷ் எல்லாம் மூணாம் நாளே திரும்பி வருது. குத்துது, நாறுதுன்னு திட்டுறாங்க. பழக்கி வித்தாத்தான் நிக்கும். உங்க தலையைக் கொஞ்சம் குடுங்க.”

“தலையா? ஏன், உன் கையிலயே தேய்ச்சுப் பழக்கக் கூடாதா?”

“கை தட்டையா இருக்குங்க. மண்டையோட வளைவுல சுத்தினாத்தான் எல்லா முடியும் ஒரே மாதிரி மடங்கும். அழுத்தமும் சமமா விழும்.”

வளைவு, அழுத்தம் என்று தொழில்நுட்பமாக இரண்டு வார்த்தை காதில் விழுந்ததும் மனிதர் சரணடைந்துவிட்டார். தொப்பியைக் கழற்றினார். ஒரு மாதம் கழித்து அந்தத் தொப்பி எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை, தேடவும் இல்லை. அலுவலகத்தில், “எங்க கடை பிரஷ் எல்லாம் இந்தத் தலை பாத்து அனுப்பினதுதான்” என்று மண்டையைத் தட்டிக் காட்டும் அளவுக்கு ஆகிவிட்டார். வீட்டில் மட்டும் தினமும் ஒரு பாட்டு உண்டு. “பன்னி முடியை விடிஞ்சா எழுந்தா தலையில வாங்குறவன் இந்த உலகத்துலயே நான் ஒருத்தன்தான்!” எதிர்வீடு வரை கேட்கும்படி சொல்லிவிட்டு, ஸ்டூலை அவரே எடுத்துப் போட்டு உட்காருவார். அவள் தாமதித்தால் இரண்டு தடவை தொண்டையைச் செருமுவார்.

அவருடைய உத்தியோகம் லிஃப்ட் பரிசோதனை. கட்டிடம் கட்டிடமாகப் போய், வடத்தைப் பார்த்து, பிரேக்கைப் பார்த்து, ‘தகுதி உண்டு’ அல்லது ‘தகுதி இல்லை’ என்று எழுத வேண்டும். பொய் என்பது அவர் பேனாவுக்கு வராத சமாச்சாரம். ஒரு தடவை தன் மேலதிகாரி குடியிருந்த கட்டிடத்துக்கே ‘தகுதி இல்லை’ எழுதினார். வடத்தில் இரண்டு இழை பிரிந்திருந்ததாம். அதிகாரி ஒரு மாதம் ஏழு மாடி ஏறினார். ஐந்தாவது மாடியில் மூச்சு வாங்கி நின்றபோது அவர் உதிர்த்த வார்த்தைகளை அச்சில் ஏற்ற முடியாது.

இப்பேர்ப்பட்ட மனிதர் வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னார். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

மனைவிக்கு ஒரு தம்பி. பிரஷ் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. பேச ஆரம்பித்தால் சுவரும் தலையாட்டும். அவன் ஒரு நாள் காலை நேராகப் பால்கனிக்கே வந்து, பெட்டியைத் திறந்து, பளபளவென்று இரண்டு பிரஷ்களை எடுத்தான்.

“அக்கா, இனிமே பன்னியும் வேணாம், குதிரையும் வேணாம். இதெல்லாம் செயற்கை இழை. நனைச்சா நாறாது, ஒரு மணி நேரத்துல காஞ்சிடும். முதல் நாளே பட்டு மாதிரி இருக்கும். முக்கியமா ஒண்ணு, இதைப் பழக்கவே வேணாம்!”

லிஃப்ட்காரர் செய்தித்தாளில் ஒரே வரியை மூன்று தடவை படித்தார்.

அவள் பிரஷ்ஷை வாங்கி விரலால் நீவினாள். “நீ சொல்றேன்னு நான் வாங்கிட மாட்டேன்டா. கடையில ரெண்டுக்கும் இடமில்ல. ஒண்ணை வச்சா ஒண்ணை எடுக்கணும். உங்க அத்தான் தலை சொல்லட்டும்.”

நுரை கலந்தாள். “கண்ணை மூடிக்கங்க” என்றாள். தம்பி கொண்டுவந்ததில் ஒன்றும் கடைச் சரக்கில் ஒன்றுமாக, இடது பாதியில் ஒன்று, வலது பாதியில் ஒன்று.

பத்தொன்பது வருட அனுபவம் உள்ள மண்டைக்குக் கண் எதற்கு? வலது பக்கம் பழைய தோழன் முரட்டுத்தனமாக வந்து கைகுலுக்கினான். இடது பக்கம் என்ன நடக்கிறது என்றே முதலில் அவருக்குப் புரியவில்லை. அவ்வளவு மெத்தென்று இருந்தது. ஒரு குத்தல் இல்லை, ஒரு வாடை இல்லை. நுரை இருமடங்கு பொங்கிக் காதோரம் வழிந்தது. அது ஜெயித்துவிட்டது என்பது அவர் உச்சந்தலைக்குத் தெரிந்துபோயிற்று. ஜெயித்தால் நாளை முதல் இந்த ஸ்டூல் எதற்கு, இந்தக் கிண்ணம் எதற்கு என்பதும் அதே நொடியில் தெரிந்தது. பால்கனியில் ஆறரை மணிக்கு அவருக்கு ஒரு வேலையும் இருக்காது. பின்னால் நின்று அவள் சொல்லும் கடைக் கதைகள் இருக்காது. நடு நடுவே நுரை வழியாமல் நெற்றியில் அவள் வைக்கும் விரல் இருக்காது.

“வலது” என்றார்.

“நிச்சயமாவா?”

“வலதுக்குத் தகுதி உண்டு. இடது சரிப்படாது. வழுக்குது, பிடிப்பே இல்ல.”

“அத்தான், உங்க தலையில எதை வச்சாலும் வழுக்கத்தானே செய்யும்!” என்று மச்சினன் கத்தினான். அக்கா அவன் பக்கம் திரும்பவே இல்லை. தலை சொன்னால் சொன்னதுதான். அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெட்டியைப் பூட்டினான். போகும்போது ஒரு பிரஷ்ஷை அவர் கையில் வைத்து, “தாடிக்காவது வச்சுக்கங்க” என்றான்.

வைத்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். மறுநாள் சும்மா பார்க்கலாமே என்று தாடைக்குப் போட்டார். அதோடு தாடை கெட்டுப்போயிற்று. அவருடைய பழைய பன்றிமுடி பிரஷ் குளியலறைக் கொக்கியில் வெறும் அலங்காரமாகத் தொங்க, மனிதர் தினமும் கதவைத் தாழிட்டுக்கொண்டு செயற்கை இழையில் முகம் மழித்தார். முடித்ததும் அதை ஒரு உதறு உதறி, வேலைப் பையில் எண்ணெய்க் குப்பிக்கும் ஸ்பேனருக்கும் நடுவில் செருகிவிடுவார். கள்ளக் காதல் செய்கிறவன்கூட அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருக்க மாட்டான்.

இதற்கிடையில் கடைக்கு எதிரே இன்னொரு கடைக்காரர் அதே புது பிரஷ்களைக் கண்ணாடிக்குள் அடுக்கி வைத்துவிட்டார். பிரஷ்ஷம்மாவின் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்தார்கள். ஒரு மத்தியானம், அவள் வீட்டில் மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க லிஃப்ட்காரர் கடைக்குப் போனார். வாசலில் நின்றபோது உள்ளே பேச்சு கேட்டது.

“எல்லாரும் அதைத்தான் வாங்குறாங்க. நீங்க ஏம்மா வைக்க மாட்டேங்கிறீங்க?” என்றார் ஒரு வாடிக்கைக்காரர்.

“எல்லாரும் சொல்லலாங்க. எங்க வீட்டுல பத்தொம்பது வருஷமா பிரஷ் பாக்குற ஒருத்தர் இருக்காரு. ஒரு தடவை தப்பா சொன்னதில்ல. அவரு சரிப்படாதுன்னு சொல்லிட்டாரு.”

லிஃப்ட்காரர் கண்ணாடியைச் சாவி செய்பவரிடம் கொடுத்துவிட்டு வந்த வழியே திரும்பினார். அவமானமாக இருந்தது. அன்று இரண்டு லிஃப்ட் பார்த்தார், இரண்டுக்கும் ‘தகுதி உண்டு’ என்று எழுதும்போது கை கூசியது. உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று தினமும் நினைத்தார். தினமும் ஆறரைக்கு ஸ்டூலில் உட்கார்ந்ததும், இன்னும் ஒரே ஒரு நாள் என்று தள்ளிப்போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் முகம் மழித்து முடித்து, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு தடவை செருமினார். அவள் வந்தாள். கையில் கிண்ணம் இல்லை. கொக்கியில் தொங்கிய அவருடைய பழைய பிரஷ் இருந்தது.

“என்னங்க, இப்பத்தானே ஷேவ் பண்ணீங்க?”

“ஆமா.”

“முகம் பளபளன்னு இருக்கு.”

“ஏன், இருக்கக் கூடாதா?”

“இருக்கலாம். ஆனா பன்னி முடி ஒரு தடவை நனைஞ்சா சாயங்காலம் வரைக்கும் ஈரம் போகாது. இது எலும்பு மாதிரி காஞ்சு கெடக்கு. நேத்தும் காஞ்சுதான் கெடந்துச்சு. முந்தா நாளும். அப்ப தாடி எப்படிங்க போச்சு?”

உலகத்து லிஃப்ட்களின் குறையெல்லாம் கண்டுபிடித்தவருக்கு, பழைய பிரஷ்ஷைக் குழாயில் ஒரு தடவை காட்டி நனைத்து வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. எழுந்து போனார். வேலைப் பையைத் திறந்து புது பிரஷ்ஷைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். அது ஏற்கனவே முக்கால்வாசி காய்ந்திருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவர் அசடு வழியக்கூட முடியாமல் நின்றார்.

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ஊருக்கெல்லாம் உங்க தலையை நம்பித்தாங்க சொன்னேன்” என்றாள். “தகுதி இல்லாததுக்குத் தகுதி உண்டுன்னு சொல்லிட்டீங்களே. எதுக்குங்க?”

“இதை வாங்கினா பழக்க வேணாம்னு உன் தம்பி சொன்னான்.”

“அதுக்கு?”

“பழக்க வேணாம்னா நீ காலையில இங்க வர மாட்ட.” செய்தித்தாளை நான்காக, எட்டாக மடித்தார். “தினமும் திட்டினேன்தான். ஆனா எனக்கு இந்தப் பத்து நிமிஷம் வேணும். அது போயிடும்னு பயந்துட்டேன். அவ்வளவுதான். இனி நீ என்ன வேணாலும் சொல்லு.”

அவள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். பிறகு, அவர் முகத்தைப் பார்க்காமலேயே பேசினாள்.

“முதல்ல எனக்குச் சரக்குப் போட்டாரே ஒரு பெரியவர், ஞாபகம் இருக்கா?”

“ம்.”

“கடை திறந்த அன்னிக்கே அவரு சொன்னாரு. உள்ளங்கையில சோப்பு போட்டுத் தேய்ச்சாலே போதுமாம். நல்லா பழகிடுமாம்.”

லிஃப்ட்காரருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. “அப்ப வளைவு? அழுத்தம்?”

“அதெல்லாம் நானா சொன்னது.”

“பத்தொம்பது வருஷமாவா?”

“நீங்க அப்ப தொப்பி போட்டுக்கிட்டு தூங்கினீங்க” என்றாள் அவள். “என்கூட இருக்கிறப்பகூடக் கழட்டல. எனக்கு வேற வழி தெரியல.”

அவருடைய கை தானாக எழுந்து உச்சந்தலையைத் தடவியது. அவள் உள்ளே போனாள்.

அடுத்த வாரம் பிரஷ்ஷம்மாவின் கடையில் செயற்கை இழை பிரஷ்கள் வரிசையாகத் தொங்கின. தெருவைக் கடந்தவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். மச்சினன், “அப்பவே சொன்னேன்ல” என்று பதினேழு தடவை சொன்னான். ‘பழக்கியது’ சீட்டுக் கட்டு முழுசாகப் பழைய பேப்பரோடு போயிற்று.

சரக்கு வந்த மறுநாள் காலை ஆறரைக்கு லிஃப்ட்காரர் பால்கனிப் பக்கம் போகவில்லை. கூடத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பின்பக்கம் ஸ்டூலைத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ இரண்டு தடவை தொண்டையைச் செருமும் சத்தம்.

போய் உட்கார்ந்தார். கழுத்தில் துண்டு விழுந்தது. புது பிரஷ், புது நுரை. பத்து நிமிடம் போனது. அவள் கையை எடுத்தாள்.

“இடது பக்கம் சரியா இருக்கு” என்றார் லிஃப்ட்காரர், பரிசோதகருக்கே உரிய கண்டிப்போடு. “வலது பக்கம் இன்னும் பழகல. ரெண்டு நிமிஷம் போடணும்.”

அவள் கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்தாள்.