கீழே வைக்காத குடம்

கொடுமுடிக் காவிரியில் தீர்த்தம் எடுத்தால், ஊர் மாரியம்மனுக்கு ஊற்றும் வரைக்கும் குடம் தரையில் படக்கூடாது. மாசாணியம்மாள் போன வருஷம் வைத்துவிட்டாள். அவிழ்ந்த கொண்டையை முடிவதற்கு, ஒரே நொடி, வேனுக்குப் பின்னால், யாரும் பார்க்காதபோது. ஒன்பதாம் நாள் தறிக்குடோனில் கரண்ட் அடித்து அவள் புருஷன் செத்துப்போனான்.

இதை அவள் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சூலூர்ப் பக்கம் அதே குடோனில் அறுந்த நூலை முடிந்துகொண்டே வருஷத்தை ஓட்டினாள். மிச்சம் இருப்பது மகன் கவின் ஒருவன்தான். லாரி ஓட்டுகிறான். இந்தப் பங்குனியில் அவள் மறுபடியும் தீர்த்தத்துக்குப் பேர் கொடுத்தபோது கோயில் வாசலில் ஒருத்தி வாயைத் திறந்தாள்.

"தாலி போனவளுக்கு எதுக்குத் தீர்த்தம்?"

"தண்ணி மோக்கறதுக்குக் கைதான் வேணும். நீ தாலியிலயா மோக்கற?"

மாசாணி சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

திரும்பி வரும்போது வெள்ளகோயில் தாண்டி ஓர் இளநீர்க் கடையில் வேன் நின்றது. நேற்றிலிருந்து விரதம். மாசாணிக்குத் தலை சுற்றியது. குடத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் வேப்பமரத்தில் சாய்ந்து கண்ணை மூடினாள். திறந்தபோது வேன் இல்லை.

கூட்டிப்போன தம்பிதுரை ஆளை எண்ணுகிறவர் இல்லை, குடத்தை எண்ணுகிறவர். கீழே வைக்கக்கூடாத குடம் ஆளில்லாமல் வேனில் இருக்காது என்பது அவர் நினைப்பு. போனது இருபத்தொரு பேர். குடமும் இருபத்தொன்று இருந்தது, கிளம்பச் சொல்லிவிட்டார். லோகப்பிரியா தன் மாமியாருக்கென்று இரண்டாவது குடம் ஒன்றை மடியில் வைத்திருந்தது அவர் மண்டையில் ஏறவில்லை.

மாசாணியின் பை, போன் எல்லாம் வேனோடு போய்விட்டது. ஒரு நம்பரும் மனப்பாடம் இல்லை, தன்னுடையது உட்பட.

"பஸ்ஸு இங்க நிக்காதுங்கக்கா," என்ற இளநீர்க்காரர், தூரத்தில் வந்த ஒரு பழைய ஆம்னி வண்டியைக் கைகாட்டி நிறுத்தினார். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. ஓட்டுகிறவன் முகமும் கையும் கரிக்கறுப்பு, கண் மட்டும் வெள்ளை. இளநீர்க்காரர் அவன் காதில் என்னமோ சொன்னார். அவன் மாசாணியைப் பார்த்துத் தலையாட்டினான். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை இருந்ததால் இவள் ஏறினாள். பின்னால் சாக்கு மூட்டைகள். மூட்டைமேல் ஆள் நீளத்துக்கு ஒரு இரும்புக் கம்பி.

"கொடத்த எறக்கி வெச்சுட்டு நல்லா உக்காருங்க," என்றாள் அந்தப் பெண்.

"கீழ மட்டும் வெக்கக்கூடாதுங்க அம்மணி."

அவள் ஏன் என்று கேட்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் வண்டி மெயின் ரோட்டை விட்டு இறங்கி வாய்க்கால் மேட்டு மண்பாதையில் ஓடியது.

"ஏனுங்க, ரோடு அங்கிருக்குது. எங்க போறீங்க?"

அவன் வாயே திறக்கவில்லை. "பேசாம வாங்கக்கா," என்றாள் அவள்.

மாசாணி காதுக் கம்மலைத் தொட்டுப் பார்த்தாள். கதவைத் திறந்து குதித்துவிடலாம். குடத்தோடு குதிக்க முடியாது. குடத்தை வைத்துவிட்டுக் குதித்தால் கவினுக்கு என்ன ஆகும்? அவள் குடத்தை இறுக்கிக்கொண்டாள்.

பாதையோரம் வண்டி நின்ற இடத்தில் ஆளே இல்லை. நிலத்தில் வரிசையாகக் குழிகள், குழிக்குக் குழி புகை. அவன் இறங்கி வந்து பின்கதவைத் திறந்து கம்பியை உருவினான். மாசாணிக்குக் கண் இருட்டியது. குடம் சரிந்தது. இரண்டு கை குடத்தைப் பார்த்து நீண்டு வந்ததுதான் அவள் கடைசியாகக் கண்டது.

முழித்தபோது காங்கயத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. "கொடம் எங்க?" என்று கத்தினாள்.

"இங்கிருக்குதுங்க," என்றாள் அந்தப் பெண். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், குடம் மடியில். சேலை முழுக்க நனைந்திருந்தது.

நர்ஸ் சிரித்தாள். "மூணு மணி நேரமாச்சு. மேசைமேல வைங்கன்னா கேக்க மாட்டேங்கறாங்க."

"ஏன்னு எனக்கும் தெரியலீங்க. நாங்க சபைக்குப் போறவங்க. நீங்க வெக்கக்கூடாதுன்னு சொன்னீங்க, அதான்."

அவள் பேர் ஜெபராணி. முகம் கழுவிக்கொண்டு வாசலில் நின்றவன் அவள் புருஷன் ஏசுவடியான். கொட்டாங்குச்சி சுட்டுக் கரி எடுக்கிற வேலை. மெயின் ரோட்டில் பாலம் வேலை நடக்கிறது என்பதால் மண்பாதை. போகிற வழியில் சூளையைக் கம்பியால் நெம்பி மூடாவிட்டால் கரி சாம்பலாகிவிடும். புகையில் தொண்டை போனதால் அவன் பேச்சு குறைவு.

"உங்களக் கம்மல் அறுக்கற கும்பல்னு நெனச்சுப்போட்டேன்," என்றாள் மாசாணி.

ஜெபராணி கம்மலை உற்றுப் பார்த்தாள். "இந்தக் கம்மலுக்குங்களா?"

போனவருஷத்துக் கதையை மாசாணி முதன்முதலாகச் சொன்னது அவளிடம்தான். ஒன்பதாம் நாள் உட்பட.

பொழுது சாய்வதற்குள் ஊர்க் கோயிலில் கொண்டுவந்து விட்டார்கள். வேனோடு போன மாசாணியின் போன் கைக்கு வந்ததும் ஜெபராணி நம்பரைக் குறித்துக்கொண்டு போனாள். தம்பிதுரை எதிரே வந்து நின்றார்.

"எடுத்த கொடம் கை மாறக்கூடாதுங்க. மாறுச்சுங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"மாறுச்சுங்க. மாறலீன்னா மண்ணுல உழுந்திருக்கும். போன வருசம் என்ற கையிலயேதான் இருந்துச்சு, நானேதான் கீழ வெச்சேன். நீங்க கொடத்த எண்ணுன லச்சணத்துக்கு என்னக் கேக்க வந்துட்டீங்களா?"

அவர் விலகினார். அவள் ஊற்றினாள். ஆனால் கூட்டத்தில் ஒரு முகமும் தெளியவில்லை. "ஒம்பது நாளு போகட்டும், தெரியும்," என்றது ஒரு குரல்.

ஒன்பதாம் நாள் கவின் மைசூரிலிருந்து திம்பம் மலைப்பாதையில் இறங்கி மத்தியானம் வீட்டுக்கு வரவேண்டும். நான்கு மணி வரை வரவில்லை. போன் போகவில்லை. வாசலில் போகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஐந்து மணிக்குப் போன் அடித்தது. கவின் என்றால் அவன் படம் வரும், எழுத்து தெரியாத அவளுக்கு அதுதான் அடையாளம். இது படமில்லாத நம்பர். புருஷன் செத்த அன்றும் இப்படித்தான் வந்தது. இரண்டாவது தடவை அடித்தபோதுதான் எடுத்தாள்.

"அக்கா, ஜெபராணிங்க. இன்னைக்குத்தான ஒம்பதாம் நாளு? தம்பி வந்துட்டாருங்களா?"

"இன்னும் இல்ல அம்மணி."

அந்தப் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அப்ப வர்ற வரைக்கும் பேசிட்டே இருக்கலாங்கக்கா. கை இன்னும் கொடம் புடிச்சாப்பலயே வளைஞ்சு கெடக்குதுங்க..."

தேங்காய், கரி, தறி என்று வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். மாசாணி வாசலைவிட்டுக் கண் எடுக்கவில்லை. ஆறரைக்கு லாரி வந்து நின்றது. கவின் குதித்து இறங்கினான்.

"ஏம்மா, திம்பத்துல வண்டி நின்னுபோச்சு, டவரும் இல்ல. கீழ எறங்குனதுலருந்து கூப்புடறேன், பிஸி பிஸின்னே வருது! யாருகூட இத்தனை பேச்சு?"

"உன்ற சித்திகூட. வண்டிய ஓரமா உட்டுட்டு வந்து நீயும் பேசு."