மிஸ்ஸியம்மாவின் உபவாசமும் என் பிள்ளையின் பாலும்

ஸ்காட்லாந்திலிருந்து வந்த மிஸ்ஸியம்மா, பாளையங்கோட்டை மிஷனோடு பிணங்கிக்கொண்டு தனிச் சபை தொடங்கினார். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல என் கணவர் வாத்தியார் வேலையை விட்டுவிட்டுப் போனார். நானும் கைப்பிள்ளையோடு போனேன். போகத்தான் வேண்டுமா என்று தினமும் யோசித்தேன். தினமும் கணவர் சொன்னதையே கேட்டேன்.

அந்த அம்மாளிடம் ஏதோ வசியம் இருந்தது. வீறிட்டு அழும் என் மகனைத் தோளில் போட்டால் உடனே அடங்கிவிடுவான். பெற்றவளிடம் அடங்காதவன் அவரிடம் அடங்கியதில் எனக்கு எரிச்சல்தான்.

கர்த்தர் எங்களை மரணமில்லாமல் உடம்போடு எடுத்துக்கொள்வார், அதற்கு உடம்பு இலேசாக வேண்டும் என்பது அவர் போதனை. கருப்பட்டித் தண்ணீர் தவிர ஆகாரம் கிடையாது. தூதர்கள் பிடித்துத் தூக்க வசதியாகப் பெண்கள் கூந்தலை முடியாமல் விரித்துவிட வேண்டும். கண்ணிலும் வாயிலும் மயிர் விழத் துணி துவைப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. அவர் துணியையும் நாங்கள்தான் துவைத்தோம்.

எனக்குப் பால் வற்றியது.

"இங்கேருங்க, பிள்ளை இளைச்சிட்டான். நான் கஞ்சி குடிக்கலாமான்னு மிஸ்ஸியம்மாட்ட கேளுங்க."

"கேக்கேன், கேக்கேன்" என்பார் கணவர். கேட்கமாட்டார். எனக்கும் இங்கிலீஷ் தெரியும். ஆனால் புருஷன் நிற்கும் இடத்தில் நான் வாய் திறப்பது முறையா?

எங்களோடு சபைக்கு வந்திருந்த, கணவரின் அக்காவான மைனி சொன்னாள்: "ஏட்டி, பிள்ளையும்தான் லேசாகணும். உன்னத் தூக்கிட்டு அவன இங்கனயே போட்டுட்டுப் போவாகளா?"

மைனியைத் தூக்க எத்தனை தூதர் வேண்டுமோ என்று நினைத்தேன். நினைத்ததற்கு உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

குறித்த நாளில் ஆற்று மணலில் பரண் கட்டி, விடியுமுன் ஏறி நின்று பாடினோம். வெயில் ஏறியது. மகன் அழுகையை நிறுத்தி முனகத் தொடங்கினான். அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

வேடிக்கை பார்க்க வந்த ஒருத்தி தூக்குச்சட்டியைத் திறந்தாள். "ஏளா, பச்ச உடம்புக்காரி, பைய குடி. மேல போறவுக போகட்டும்."

பழைய சோற்றை நீரோடு அள்ளிக் குடித்தேன். பரண்மேலிருந்து மிஸ்ஸியம்மா ஏதோ சொன்னார். கணவர் அதைப் பிரசங்கக் குரலில் அப்படியே தமிழாக்கினார்: "இந்தச் சகோதரியின் பாரத்தால்தான் நாம் அனைவரும் தடைபட்டு நிற்கிறோம்!"

என் பெயரைக்கூடச் சொல்லவில்லை, சகோதரியாம். ஆத்திரத்தில் முறையெல்லாம் மறந்துபோயிற்று. "பிள்ளைக்குப் பால் இல்லை அம்மா. நான் சாப்பிடுவேன்" என்று நேராக அவருக்கே இங்கிலீஷில் சொன்னேன். அவர் பாட்டைத் தொடர்ந்தார்.

யாரும் மேலே போகவில்லை. என்னால்தானோ என்று அப்போதும் ஒரு சந்தேகம். உச்சிவெயிலில் கணவர் இறங்கி வந்து, "சட்டியில மிச்சம் இருக்கா?" என்றார்.

"இல்ல" என்றேன்.

சாயங்காலம் கொஞ்சம் பால் சுரந்தது. மகன் குடித்துக்கொண்டே என் கூந்தலைப் பிடித்து இழுத்தான். அவன் தூங்கிக் கை தளர்ந்ததும் கொண்டை போட்டுக்கொண்டேன்.